குழுவாக அமர வைத்தால் சத்தம் வருகிறது. சிந்தனை வருவதற்கு என்ன செய்வது?

அறிவியல் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்பில் 42 பிள்ளைகள், பாடவேளை 45 நிமிடம். எங்கள் பள்ளியில் குழுச் செயல்பாடு புதிதன்று. வட்டார அலுவலர் பார்வைக்கு வரும் நாளில் பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருந்தால் அவருக்கும் மகிழ்ச்சி, தலைமையாசிரியருக்கும் நிம்மதி. ஆனால் அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று உற்றுப் பார்க்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

சென்ற வாரம் காற்று மாசுபாடு பற்றிய பாடத்தை ஏழு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். குழுவுக்கு ஒரு சார்ட், நான்கைந்து ஸ்கெட்ச் பேனாக்கள், புத்தகத்தில் ஒன்றிரண்டு பக்கம். கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை எழுதியது, ஒன்று ஓரத்தில் பூக்கோலம் போட்டது, இன்னொன்று ஸ்கேலைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் அடுத்த குழுவின் சார்ட் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குழுவுக்கு ஒருவர் வந்து வாசித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். அமில மழைக்குக் காரணமான வாயுக்கள் தொழிற்சாலைப் புகையிலும் வாகனப் புகையிலும் வருகின்றன என்று எழுதியிருந்த குழுவிடம், அப்படியானால் தொழிற்சாலை எதுவும் இல்லாத ஊரிலும் அமில மழை பெய்ய வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். வாசித்த பிள்ளை பதிலைத் தேடிச் சார்ட்டையே திரும்பிப் பார்த்தது.

பயிற்சிகளில், குழுவாகக் கற்றால் ஆழ்ந்த சிந்தனை வளரும் என்று தொடர்ந்து சொல்கிறார்கள். என் வகுப்பில் அது நடக்கவில்லை. கோளாறு முறையிலா, நான் கொடுக்கும் வேலையிலா? வகுப்பறையில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரும்பலகை

வணக்கம் அம்மா. நீங்கள் கொடுத்த வேலையை ஒரு பிள்ளை தனியாகவே செய்து முடித்துவிடலாம் என்பதுதான் சிக்கல். புத்தகத்தில் இருக்கும் செய்தியைச் சார்ட்டுக்கு மாற்றுவதற்கு ஒரு கை போதும், ஆறு தலை தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் ஆறு பேரை அமர்த்தினால் ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பது இயல்புதானே. தேர் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவர் பலர், இழுப்பவர் சிலர். கயிறு இழுப்பதில் ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் தரும் சராசரி விசை குறைகிறது என்பதை ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட ஆய்விலேயே காட்டியிருக்கிறார்.

ஆகவே குழுவை அமைப்பதற்கு முன்பாகக் கேள்வியை அமைக்க வேண்டும். பிள்ளைகளின் ஊகங்கள் இரண்டு மூன்றாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு ஊகத்துக்கும் அவர்களிடமே ஒரு நியாயம் இருக்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டி விடையை எடுத்துவிட முடியாததாகவும் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் நான் விரும்பிச் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அதில் பெரிய பனிக்கட்டி ஒன்றை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுவேன். பனிக்கட்டி முழுவதும் கரைந்த பிறகு மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது. நோட்டில் விடையையும் அதற்கான காரணத்தை ஒரு வரியிலும் எழுத வேண்டும். பிறகு கை தூக்கச் சொல்லி மூன்று கட்சிகளின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதிவிடுவேன். பெரும்பாலும் ஏறும் என்ற கட்சிதான் பெரியதாக இருக்கும். அதன் பின்னரே நான்கு நான்கு பேராகத் திரும்பி அமர்வார்கள்.

அப்போது காதில் விழும் பேச்சுத்தான் நாம் தேடுவது. "மேல துருத்திக்கிட்டு இருக்கிற ஐஸும் தண்ணியாயிடும்ல, அப்ப ஏறத்தானே செய்யும்" என்று ஒரு பையன் சொல்வான். "ஐஸ்னா பெருசா இருக்கும், தண்ணியானா சுருங்கிடும், ஃப்ரீசர்ல பாட்டிலை முழுசா ரொப்பி வச்சா வெடிக்குதுல்ல" என்று ஒரு பெண் மறுப்பாள். உடனே முதல் பையன், "சுருங்கும் சரி, எவ்வளவு சுருங்கும்? மேல இருக்கிற அளவுக்கா?" என்று கேட்பான். அந்த இடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. ஏனென்றால் மிதத்தல் விதியின் வாசலுக்கு அவனே வந்து நின்றுவிட்டான்: தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது, விரிந்த அளவுக்குச் சமமான பகுதியே நீருக்கு மேலே தெரிகிறது, கரைந்தால் அது மீண்டும் சுருங்கி, மூழ்கியிருந்த பகுதியின் இடத்தில் சரியாக அடங்கிவிடுகிறது. மட்டம் மாறுவதில்லை. கட்டி கரையும் வரை பாடத்தைத் தொடர்ந்துவிட்டு, கடைசியில் ரப்பர் பேண்டைப் பார்க்கச் சொன்னால் வகுப்பே எழுந்து மேசையைச் சுற்றி நிற்கும்.

அத்துடன் விடக்கூடாது. டம்ளரில் ஒரு கல்லை வைத்து, நீருக்கு மேலே நிற்கும் அந்தக் கல்லின் தலையில் பனிக்கட்டியை வைத்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைப் போட வேண்டும். இப்போது மட்டம் ஏறும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி உருகுவதற்கும், கிரீன்லாந்து, அண்டார்டிகா நிலப்பரப்பின் மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தொடங்குவதற்குள் ஏதாவதொரு குழு சொல்லிவிடும். கடல்நீர் உப்பு என்பதால் மிதக்கும் பனி கரைந்தாலும் மட்டம் மிகச் சிறிதளவு ஏறும் என்பதையும் ஆர்வமுள்ளவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் அது அடுத்த வகுப்புக்கு.

உங்கள் அமில மழைக் கேள்வி அருமையான கேள்வி, அம்மா. அதைக் கடைசியில் கேட்பதற்குப் பதிலாக முதலில் கேட்டிருக்கலாம். காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது, புகை எவ்வளவு உயரம் போகிறது, மேகம் நகருமா என்று அவர்களே பேசியிருப்பார்கள். சார்ட் தேவைப்பட்டிருக்காது.

கணக்கு வாத்தியார்

கரும்பலகை ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று இளம் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்துதலை முதன்முதலாகக் கற்கும் பிள்ளையிடம் "நீங்களே கலந்து பேசிக் கண்டுபிடியுங்கள்" என்றால் நான்கு பேரின் குழப்பம் ஒன்றாகச் சேரும், அவ்வளவுதான். புதிய வழிமுறை ஒன்றை அறிமுகப்படுத்தும்போது ஆசிரியர் பலகையில் இரண்டு மூன்று கணக்குகளை ஒவ்வொரு படியாக, ஏன் அப்படி என்று சொல்லிச் செய்து காட்டுவதே சிறந்தது. அதன் பிறகு தனியாகப் பயிற்சி. குழு அங்கே இடைஞ்சல்.

இன்னொன்று, நேரம். 45 நிமிடத்தில் மேசை நகர்த்த ஐந்து நிமிடம், அமைதியாக்க ஐந்து நிமிடம், வாசிக்க இருபது நிமிடம் போனால் பாடத்திட்டத்தை யார் முடிப்பது? நான் மேசையை நகர்த்துவதே இல்லை. ஒற்றைப்படை வரிசைப் பிள்ளைகள் பின்னால் திரும்பினால் மூவர், நால்வர் கொண்ட குழு தயார். ஆறு பேர் என்பது அதிகம். நால்வருக்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

கணக்கில் குழு பயன்படும் இடமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. "ஒரு செவ்வகத்தின் சுற்றளவை அதிகரித்தால் பரப்பளவும் அதிகரித்தே தீருமா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். கட்டத்தாளைக் கொடுத்து, ஆமாம் என்பவர்கள் நிரூபிக்கவும் இல்லை என்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டைக் காட்டவும் சொன்னால் சண்டை தொடங்கும். 6க்கு 6 சதுரத்தின் சுற்றளவு 24, பரப்பளவு 36. 12க்கு 1 செவ்வகத்தின் சுற்றளவு 26, பரப்பளவு வெறும் 12 என்று ஒரு பிள்ளை வரைந்து காட்டியதும் எதிர்க்கட்சி எண்ணிப் பார்த்து வாயடைத்துப்போகும். ஆயிரம் சரியான எடுத்துக்காட்டுகளைவிட ஒரே ஒரு மறுப்பு எடுத்துக்காட்டுக்கு வலிமை அதிகம் என்ற கணித அறிவை நான் சொல்லிப் புரிய வைப்பது கடினம். தோற்றுப்போன பிள்ளைக்கு அது உடனே புரிகிறது. ஆனால் கவனியுங்கள், சுற்றளவும் பரப்பளவும் கணக்கிட முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சண்டை பயன்படும்.

வள மையத்திலிருந்து

மேலே இருவர் சொன்னதும் சரியே. ஆசிரியப் பயிற்றுநராகப் பல வகுப்பறைகளின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நம் தமிழ்நாட்டுக்குக் குழுக் கற்றல் நேற்று வந்ததன்று. 2007-08இல் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியபோது, ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு, சக மாணவர் துணையுடன் கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. அதில் பிள்ளை முதலில் பாடத்தைப் படித்துத் தனியாக மன வரைபடம் வரைந்து, பிறகே குழுவில் சேர்ந்து ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். தனியாக வரைவது என்ற அந்தப் படி நேரமில்லை என்ற காரணத்தால் பல பள்ளிகளில் மெல்ல உதிர்ந்து, குழு வரைபடம் மட்டும் மிஞ்சியது. ஆண்டை மூன்றாகப் பிரித்த முப்பருவ முறையில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்றானதும் அந்த வரைபடம் சார்ட்டாகி, சார்ட் ஸ்டேஷனரி கடை வியாபாரமாகியது. ஆசிரியை விவரித்த காட்சிக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு. முறையைக் குறை சொல்வதற்கு முன் முறையின் எந்த எலும்பு உருவப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

தனியாக எழுதுவது ஏன் அவ்வளவு முக்கியம்? ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் கையாளத் தொடங்கிய முறை கரும்பலகை ஐயா சொன்னதற்கு மிக நெருக்கமானது: கேள்வி, தனியாக விடை, பக்கத்து மாணவருடன் வாதம், மீண்டும் தனியாக விடை. முதல் சுற்றில் சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வாதத்துக்கு விடுவது பயன் தரும் என்பது அவருடைய அனுபவம். அதற்குக் கீழே இருந்தால் ஆசிரியர் மீண்டும் விளக்க வேண்டும், மேலே இருந்தால் கடந்து போகலாம். கணக்கு ஐயாவின் கவலைக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

மறுபாதியில் நான் அவருடன் சற்று மாறுபடுகிறேன். சரியான விடை தெரிந்த பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்வதால்தான் இரண்டாம் சுற்றில் மதிப்பெண் கூடுகிறதா என்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பொன்றில் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். கலந்து பேசிய பின்னர் அதே கருத்தைக் கொண்ட வேறொரு கேள்வியைத் தனியாக விடையளிக்கக் கொடுத்தபோது, தொடக்கத்தில் யாருக்குமே சரியான விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் கல்லூரி மாணவர்கள், அடிப்படைப் பாடத்தைக் கேட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தெரியாதவர்கள் சேர்ந்தால் குழப்பம் மட்டுமே மிஞ்சும் என்று முடிவுகட்ட முடியாது. காரணத்தை வாய்விட்டுச் சொல்லும்போதே தன் காரணம் எங்கே நொண்டுகிறது என்பது சொல்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

யாரும் அதிகம் பேசாத ஒரு செய்தியும் உண்டு. குழுவில் யார் பேச்சு எடுபடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளை சொன்னால் அது தவறாக இருந்தாலும் எழுதிக்கொள்கிறார்கள். கடைசி வரிசைப் பையன் சரியாகச் சொன்னாலும் அது காற்றோடு போகிறது. ஒரு வகுப்பில் பனிக்கட்டிக் கேள்விக்கு, ஐஸ் வண்டிக்காரரின் மகன் பெட்டிக்குள் கட்டி கரைவதைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில் மிகச் சரியான காரணத்தைச் சொன்னான். குழுத் தலைவி அதை எழுதவே இல்லை. ஸ்டான்போர்டில் இருந்த எலிசபெத் கோஹன் தம் வாழ்நாள் ஆய்வின் பெரும்பகுதியை இதற்காகவே செலவிட்டார். வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் மேல் கீழ் குழுவுக்குள்ளும் நுழைந்துவிடும், ஆசிரியர் தலையிட்டால் ஒழிய அது தானாகப் போகாது என்பது அவர் கண்டது. நம் ஊரில் அந்த மேல் கீழ் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், ஆணா பெண்ணா, வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதெல்லாம் யார் பக்கத்தில் யார் அமர்கிறார்கள் என்பதிலேயே தெரிந்துவிடும். பிள்ளைகள் விருப்பத்துக்குக் குழு சேரவிட்டால் ஊரின் வரைபடம் வகுப்பறையில் விழும்.

இதற்கு நான் சொல்லும் வழிகள் எளியவை. குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுற்றி வரும்போது, கவனிக்கப்படாமல் போன நல்ல காரணத்தைக் காதில் வாங்கி, "இவன் சொன்னதை எல்லோரும் ஒருமுறை கேளுங்கள், இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது" என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கச் சொல்ல வேண்டும். பொய்யாகப் பாராட்டக் கூடாது. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பாடப்பகுதியைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தால், மற்றவர்களுக்கு அவர்களைக் கேட்டே தீர வேண்டிய நிலை வருகிறது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் முதன்முறையாக அமர்ந்து முட்டிக்கொண்ட காலத்தில், 1971இல், எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் இதைத்தான் செய்தார். நம் வகுப்புகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வாசிக்கத் திணறும் பிள்ளையின் கையில் கடினமான துண்டு போய்ச் சேர்ந்தால் அவமானத்தில் முடியும். அந்தப் பிள்ளைக்குப் படம் அல்லது பொருளைத் துண்டாகக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. கேள்வி கேட்டதும் நாம் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடிதான் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து காட்டினார். மூன்று வினாடி பொறுத்தால் விடைகள் நீளமாகின்றன, கூடுதலான பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். மூன்று வினாடி அமைதி வகுப்பறையில் எவ்வளவு நீளமானது என்பதை நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அறிவியல் ஆசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. ஃப்ரீசர் வசதி இல்லாததால் பனிக்கட்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, இன்று ஆறாம் வகுப்பில் சிறிய கேள்வி ஒன்றைச் செய்து பார்த்தேன். 200 கிராம் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் கரைசலின் எடை என்ன? தனியாக எழுதச் சொல்லி, பிறகு நால்வராகத் திரும்பச் சொன்னேன். சர்க்கரை காணாமல் போய்விட்டதால் 200தான் என்று ஒரு கட்சி, 250 என்று ஒரு கட்சி, இடையில் ஏதோ ஓர் எண் என்று ஒரு கட்சி. "இனிக்குதுல்ல, அப்ப உள்ளதான் இருக்கு" என்று ஒரு சிறுமி சொன்னதற்கு, பக்கத்தில் இருந்தவன் "இனிப்புக்கு எடை உண்டா?" என்று திருப்பிக் கேட்டான். எனக்கே அந்தக் கேள்விக்குச் சட்டென்று விடை வரவில்லை. மளிகைக் கடையிலிருந்து வாங்கி வந்த மின்னணுத் தராசில் 250 காட்டியபோதும் அவன் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரை வற்ற வைத்தால் 50 கிராம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். சத்தம் அதிகமாகத்தான் இருந்தது, பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. சார்ட் இல்லாவிட்டால் குழுச் செயல்பாட்டுக்கு மதிப்பெண் எதைப் பார்த்துப் போடுவது? பதிவேட்டில் ஏதாவது இருக்க வேண்டுமே.

கரும்பலகை

நோட்டுதான் பதிவேடு, அம்மா. முதலில் எழுதிய விடையை அழிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அதன் கீழே, பேசிய பிறகு மாற்றிக்கொண்டேனா, யார் சொன்ன எந்தக் காரணத்தால் மாற்றினேன் அல்லது ஏன் மாற்றவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். முதல் விடை தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் ரப்பர் வைத்து அழித்துவிடுவார்கள். குழுவின் சார்பில் யார் விளக்குவது என்பதைக் குழு முடிவு செய்ய வேண்டாம். வருகைப் பதிவேட்டைத் திறந்து கண்ணில் படும் எண்ணைக் கூப்பிடுங்கள். யார் எழுந்தாலும் விளக்கத் தெரிய வேண்டும் என்றால் குழுவே தன் கடைசிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும்.

அந்தப் பையனுக்குத் தண்ணீரை வற்ற வைத்துக் காட்ட நினைத்தால் சர்க்கரையில் செய்யாதீர்கள், பாகாகிக் கருகிவிடும். உப்புக் கரைசலைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள்.